ஸெய்னுதீனின் குதிக்கால்

விடிந்ததும் ஸெய்னுதீன் கட்டிலை விட்டு இறங்குவதே ஒரு காட்சி. முதலில் வலக்காலின் பெருவிரல் மட்டும் நிலத்தைத் தொடும். ஒரு கை அலுமாரியைப் பிடிக்கும், மறு கை கதவு நிலையைத் தேடும். நொண்டி நொண்டிக் கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள், ஊரில் உள்ள முள்ளெல்லாம் தன் குதிக்காலில்தான் முளைத்திருக்கிறது என்று புலம்பி முடித்துவிடுவார். ஆனால் தெருவில் இறங்கிவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளை நடைதான். பேக்கரியில் பாண் வாங்கும் வரிசையில் நெடுநேரம் நிற்க நேர்ந்தால் மட்டும் சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நிற்பார். கேட்டால், "செருப்புக்குள்ள கல்லு" என்பார்.

ஊர் பார்க்க அவர் நொண்டக் கூடாது. மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே கடலில் ஓடும் பயணிப் படகான லோஞ்சில் கயிற்றுக்காரர் அவர். லோஞ்ச் இறங்குதுறையை நெருங்கும்போது, நடுவில் இன்னும் தண்ணீர் கிடக்கையிலேயே, கயிற்றோடு கரைக்குப் பாய்ந்து அங்குள்ள கட்டையில் கட்ட வேண்டும். கொஞ்சம் பொறுத்தால் லோஞ்ச் தானாகவே வந்து ஒட்டும். இறங்கி நடந்தே கட்டலாம். "அப்பிடிக் கட்டக் கிழவிமாருக்கும் ஏலும்" என்பார். சனம் பார்க்கப் பாய்ந்து, கட்டி முடித்து, இடுப்புச் சாரத்தை ஒருதரம் உதறிக்கொள்வதில்தான் அவருடைய மானமெல்லாம் இருந்தது. சீமெந்தில் பாய்ந்து பாய்ந்து குதிக்காலைக் கெடுத்துக்கொண்டதும் அப்படித்தான்.

மருந்து சொல்லாதவர் ஊரில் இல்லை. மனைவி அசனா செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலை பரப்பி, "மிதிங்க" என்பாள். இலை சுர்ரென்னும், அவரும்தான். தோப்பூர் நாட்டுவைத்தியப் பரியாரியின் எண்ணெயில் வீடே நாறிற்று, நோவு மட்டும் அசையவில்லை. திருகோணமலைப் பெரிய ஆசுபத்திரி டொக்டர் குதிக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, ஊசி போடலாம், ஆனால் சில கிழமைக்குப் பாயவே கூடாது என்றார். ஸெய்னுதீன் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ஊசிக்குப் பயந்துவிட்டார் என்று ஊர் சிரித்தது. அவருக்குப் பயம் ஊசியில் இல்லை, அஸீமில்.

அஸீம் அதே லோஞ்சில் டிக்கற் கிழிப்பவன். நாலு பிள்ளைகளுக்கு வாப்பா, ஆனாலும் இரண்டு காலும் ரப்பர் மாதிரித் துள்ளும். "அஸீம் தம்பி கையப் புடிச்சு இறக்கினா பயமே இல்ல" என்று பெண்கள் சொன்னது காதில் விழுந்த அன்று ஸெய்னுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், அதற்கு நல்ல பெயர் தேடி என்ன பயன்? அஸீம் கயிற்றைத் தொட்டால், "ஈரக் கையோட தொடாத, பழுதாப் போகும்" என்று சீறுவார். நாள் முழுவதும் கடல் தண்ணீரில் நனைகிற கயிறு அது.

போன மாதம் மூதூர்த் துறையில் பாய்ந்தவரைக் குதிக்கால் கைவிட்டது. முழங்கால் அடிபட விழுந்தார். கயிறு தண்ணீருக்குள் போயிற்று. பின்னாலேயே பாய்ந்த அஸீம் அதை இழுத்தெடுத்துக் கட்டினான். "இருங்க காக்கா, நான் பாத்துக்கிறன்" என்றான், மூத்த அண்ணனுக்குச் சொல்வதுபோல. விழுந்ததைவிட அந்த "இருங்க" அதிகம் நொந்தது.

அன்று வீட்டில் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை. "கால் போனாப் போகட்டும். கயித்த அவன்ட கையில குடுக்கமாட்டன்."

அசனா அடுப்பிலிருந்த செங்கல்லை எடுத்து வெளியே வைத்தாள். "ஊசி போட்டா கொஞ்ச நாளைக்கு அவன் பாய்வான். போடாட்டி எந்த நாளும் அவன்தான் பாய்வான். உங்களுக்கு எது வேணும்?"

அவர் கட்டிலுக்கு நொண்டிப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மறுநாள் லோஞ்சில் பயணிகளோடு பயணியாய் உட்கார்ந்து ஆசுபத்திரிக்குப் போனார். ஊசி ஏறும்போது சத்தமே போடவில்லை. "எப்ப பாயலாம்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு டொக்டரை அலுக்க வைத்தார்.

திரும்பி வரும்போது மூதூர்த் துறையில் அஸீம் பாய்ந்தான். நன்றாகத்தான் பாய்ந்தான். கட்டினான். பிறகு சாரத்தை ஒருதரம் உதறிக்கொண்டு, பெண்களுக்குக் கை கொடுக்கத் திரும்பினான்.

ஸெய்னுதீன் எல்லோரையும் இடித்துக்கொண்டு முதல் ஆளாய் இறங்கினார். ஊர் பார்க்கிறதென்ற நினைவே இல்லாமல், ஒற்றைக் காலில் கெந்திக் கெந்திக் கட்டையடிக்குப் போய், அஸீம் போட்ட முடிச்சை அவிழ்த்தார். லோஞ்ச் ஆடிற்று. இறங்கக் காலெடுத்த ஒருத்தி, "ஆரது கயித்த அவுக்கிற?" என்று கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னுடைய முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, நின்ற காலிலேயே நின்று சாரத்தை ஒருதரம் உதறினார்.