ஷெமாயா சூட்டிய பெயர்

ஒரு சொல்லின் எண்ணைக் கண்டறிந்தவன், அந்தச் சொல் செய்வதற்கும் பொறுப்பாளியா? இஸ்ரேலின் ஸஃபேத் நகரில் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்த்து வாழ்ந்த ஷெமாயா ஒஹானாவை நினைக்கும்போது எனக்கு இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது.

அவர் பெரிய படிப்பாளி அல்ல. எங்கள் எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு என்பதால், கடைப்பலகையைப் பார்த்தாலும் கூட்டுவார், மணப்பெண்ணின் பெயரைக் கேட்டாலும் கூட்டுவார். ஒரே எண் வரும் சொற்களுக்குள் உறவு உண்டு என்பது அவர் நம்பிக்கை. கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் சலிப்புதான்.

அவருடைய ஒரே மகள் தீர்ஸா பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ரத்தப் புற்றுநோயில் படுத்தாள். மருத்துவர்கள் கைவிரித்ததும், வழக்கப்படி அவளுக்குப் புதுப்பெயர் சூட்ட முடிவாயிற்று. பழைய பெயரைத் தேடி வரும் சாவுக்கு ஆள் அகப்படக் கூடாது அல்லவா? எங்கள் யூத மதகுருவான ரப்பி ‘ஹயா’ என்றார், உயிருள்ளவள் என்று பொருள். ஆனால் அந்த வாரச் செய்தித்தாளில் ‘வானில் புதிய நட்சத்திரம்’ என்றொரு தலைப்பு வந்திருந்தது. நட்சத்திரப் பெண் என்று பொருள்படும் ‘கோகாவா’தான் வேண்டும் என்று ஷெமாயா பிடிவாதமாக நின்றார்.

“கூட்டிப் பாருங்க ரப்பி, ஐம்பத்து மூணு. தோட்டம்ங்கிற சொல்லும் ஐம்பத்து மூணு. தோட்டம்னா துளிர்க்கும்ல?”

“கல்லுங்கிற சொல்லும் அதேதான்யா,” என்றார் தொழுகைக்கூடத்தின் பின்வரிசையிலிருந்து மீன்கடை மக்லூஃப். “உன் கணக்குல என் மீன்கூட மாடாயிடும்.”

சிலர் சிரித்தார்கள். வேதமான தோரா சுருளை விரித்துக் கோகாவா என்று அறிவித்தார்கள்.

மருத்துவமனையில் அதைக் கேட்டதும் தீர்ஸா இருமல் வரும்வரை சிரித்தாள்.

“செய்தியைக் கடைசிவரைக்கும் படிக்கலையாப்பா? அது பொறந்த நட்சத்திரம் இல்ல, வெடிச்சுச் செத்தது. அதுவும் எத்தனையோ லட்சம் வருஷத்துக்கு முன்னாடி. வெளிச்சம் இப்பத்தான் வந்து சேர்ந்திருக்கு.”

“மாத்திடறேன்மா. இன்னைக்கே மாத்திடறேன்.”

“தண்ணி குடுங்கப்பா,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நேரே ரப்பியிடம் ஓடினார். ரப்பி மறுத்துவிட்டார். “பேரு என்ன சட்டையா ஷெமாயா, அளவு சரியில்லன்னு திருப்பிக் குடுக்க?”

இரண்டாம் வாரத்தில் அவள் இறந்தாள். துக்க வீட்டுக்கு அவித்த முட்டையும் பருப்பும் கொண்டுவந்த மக்லூஃப், “நான் சும்மா வாயாடினேன்யா...” என்று தொடங்கினார். “முட்டையை உரிச்சுக் குடு,” என்றார் ஷெமாயா.

சூட்டிய பெயர் முப்பது நாள் நிலைக்காவிட்டால் கல்லறையில் அதைப் பொறிப்பதில்லை. ரப்பி இதைப் பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். மனைவி அலியா பொறுமை காட்டவில்லை. “அந்தப் பேரை வச்சுத்தான் எம்பொண்ணைக் கொன்னீங்க. அது வேண்டாங்க.”

 மறுநாள் ஷெமாயா கல்தச்சரிடம் தனியாகப் போனார். தீர்ஸா என்ற பெயரை விட்டுவிட்டு, கோகாவா என்று மட்டும் செதுக்கச் சொன்னார். ஏன் என்று அலியா கேட்டாள், ரப்பி கேட்டார், ஒருமுறை நானும் கேட்டேன். யார் கேட்டாலும், “கூட்டிப் பாருங்க, ஐம்பத்து மூணு,” என்றார்.