ஹெல்மெட்டில் இருந்த பட்டு

அண்ணனுக்கு முதலில் வந்தது வாந்தி. வண்டியிலிருந்து விழுந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தலையில் ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. வெயிலில் வந்து டீ குடித்ததால் என்று நினைத்தோம்.

நாங்கள் முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறோம். ஆரணி முதலாளியிடம் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கி வந்து நெய்து கொடுப்போம். பையில் வைத்தால் ஜரிகை நசுங்கும். அதனால் ஹெல்மெட்டை மடியில் மல்லாத்தி, அதற்குள் நூலை வைத்துக்கொண்டு நான் பின்னால் உட்காருவேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். போலீஸ் நிற்கிற இடம் வந்தால் அண்ணன் கையைப் பின்னால் நீட்டுவான். நூலைத் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டு ஹெல்மெட்டைக் கொடுப்பேன். தாண்டியதும் அது என் மடிக்குத் திரும்பிவிடும். சட்டம் போலீசுக்காக என்றுதான் நினைத்திருந்தோம்.

அன்று போலீஸ் நிற்கவில்லை.

புதிதாகப் போட்ட வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு இல்லை. வண்டி எங்களைத் தூக்கி எறிந்தது. விழும்போதும் ஒரு கையால் ஹெல்மெட்டை உயர்த்திப் பிடித்திருந்தேன். தரையில் ஊன்றிய இன்னொரு கை, மணிக்கட்டில் உடைந்தது.

அண்ணன் எழுந்து வந்து முதலில் நூலைத்தான் பார்த்தான்.

"அழுக்கு ஆவலியே?"

"இல்ல. உனுக்கு தலைல பட்டுச்சா?"

"கல்லுல லேசா இடிச்சிது. என் மண்டைக்குள்ள உடையறதுக்கு இன்னாடி கீது?"

நானும் சிரித்தேன். அவனே வண்டி ஓட்டினான். வீட்டில் என் கையைத் துணியால் கட்டிவிட்டான். வாந்தி எடுத்ததும் படுத்தான். தூங்கட்டும் என்று விட்டோம். என் கைக்கு ஆஸ்பத்திரி போகலாம் என்று எழுப்பியபோது அவன் எழவில்லை.

வேலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வராண்டாவில் டாக்டர் என்னிடம் கேட்டார்.

"விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு மணி நேரம் சார்."

"நடுவுல நல்லா பேசினாரா?"

"ஜோக்கு சொன்னான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எக்ஸ்ட்ராடூரல் ஹெமடோமா (மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேர்வது) என்றார். ரத்தம் சேரும் வரை சிலர் சாதாரணமாகவே பேசுவார்களாம்.

"ஹெல்மெட் போடலியா?"

அம்மா முந்திக்கொண்டாள். "எட்துகினுதான் போனாங்க சார்."

நான் துணி கட்டிய கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்தார்கள். நான்காம் நாள் அண்ணன் போய்விட்டான். காரியம் முடிந்த வாரத்தில் வேகத்தடைக்கு வெள்ளை அடித்தார்கள்.

என் மணிக்கட்டுக்குள் பிளேட் (எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு) இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஹெல்மெட் என் மடிலதாம்மா இருந்துச்சு. நூல வெச்சிகினு வந்தேன்."

அம்மா அடுப்பை விட்டுத் திரும்பினாள். "உங்கப்பாவோட போம்போது நானும் அப்டித்தான் வெச்சிகினு வருவேன்," என்றாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தலையில் அடிபட்டவர் சிரித்துப் பேசினாலும் நம்பி உட்காராதீர்கள். வாந்தி வந்தால், தலை வலித்தால், தூக்கத்தில் கண் சொக்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

போன வாரம் எதிர்வீட்டு பாபு மாமா எங்கள் வாசலில் வண்டியோடு சரிந்தார். பின்னந்தலை படியில் மோதியது. எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டார். நான் ஆட்டோவை நிறுத்தி அவரை உள்ளே தள்ளினேன்.

"நல்லா கீறவன இஸ்துகினு போறியே, பேஜார் புடிச்ச பொண்ணு!"

"திட்டுங்க மாமா. நிறுத்தாம திட்டிகினே வாங்க."

ஸ்கேனில் ஒன்றுமில்லை. இருந்தாலும் சாயங்காலம் வரை படுக்க வைத்துப் பார்ப்போம் என்றார்கள். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனது. இரண்டு போனது. மாமா என் படிப்பைத் திட்டினார், என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனைத் திட்டினார், ஆஸ்பத்திரி இட்லியைத் திட்டினார். நான்கு மணி நேரம் தாண்டியபோதுதான் கவனித்தேன். விரல்கள் சரியாக மடங்காது என்று டாக்டர் சொன்ன என் கை, இறுகி மூடியிருந்தது. ஒவ்வொரு விரலாகத் திறந்தேன்.