ஐந்தருவி என்று பெயர் வாங்கிய கை

தென்காசி டைப்ரைட்டிங் வகுப்பில் என் கைகளுக்கு ஐந்தருவி என்று பெயர் வைத்தவள் பக்கத்து மெஷினில் அடித்த தோழி. விரலுக்கு ஓர் அருவியாம்! அவள் சொன்னதில் பொய் இல்லை, உள்ளங்கை அப்படி வேர்க்கும். விரல் வழுக்கி 'ஏ' விழவேண்டிய இடத்தில் 'எஸ்' விழும். தாளைக் கழற்றினால் ஓரம் ஊறிக் கையோடு வரும்.

பரீட்சை நெருங்கியது. அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு தடவ எழுது. தேறினா வேலைக்குப் போறதப் பத்திப் பேசுவோம். இல்லன்னா மெஷின மறந்துரணும்."

வீட்டில் எல்லோரும் ஒரே குரலில், "உடம்புச் சூடு" என்றார்கள். சாரல் விழுந்த நேரம். அக்கா என் தலையில் எண்ணெயைக் கவிழ்த்துக் குற்றாலத்துக்கு இழுத்துப்போனாள். அருவியில் நின்றவரை கை பிரமாதம். அங்கே யார் கைதான் காய்ந்திருந்தது? திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் கூழாகிவிட்டது.

அக்காவிடம் சண்டை போட்டு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் நாடி பிடித்துப் பார்த்து, இளைக்கிறேனா, நெஞ்சு படபடக்கிறதா, தூங்கும்போதும் வேர்க்கிறதா என்றெல்லாம் கேட்டார். எதுவும் இல்லை.

"இது சூடு இல்ல. சிலருக்கு நரம்பு கொஞ்சம் அவசரக்காரி. நீ பயந்தா அது வேர்வைச் சுரப்பிய முடுக்கும். வேர்வையப் பாத்து நீ இன்னும் பயப்படுத."

"அப்ப மருந்து?"

"தேயிலைய நல்லாக் கொதிக்க வச்சு, ஆறினதும் தினம் கைய ஊற வையி. துவர்ப்பு வேர்வைத் துவாரத்த இறுக்கும். பால், சீனி கூடாது."

எங்கள் வீட்டில் காப்பிதான். தேயிலை வாசற்படி ஏறியதில்லை. தூக்குச்சட்டியோடு டீக்கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, வெறும் டிக்காஷன். சீனி வேண்டாம்."

"சீனி இல்லாம எப்படிம்மா குடிப்பிய?"

"குடிக்க இல்ல, கைய ஊற வைக்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஊற்றிக் கொடுத்தார். ஊற வைத்து, துடைத்து, ஆசையாக வகுப்புக்குப் போனேன். விரல் வழுக்கவில்லை. கீயைவிட்டு எழும்பவும் இல்லை! சற்று நேரத்தில் வாத்தியார் கத்தினார்: "என்னம்மா இது, மெஷின்ல எறும்பு ஊருது!"

கடைக்கு ஓடிக் கேட்டேன்.

"பொம்பளப் பிள்ள கேக்கும்போது வெறும் தண்ணியவா குடுக்க? மனசு கேக்கல. கொஞ்சம் போலப் போட்டேன்."

அதன்பின் தேயிலைப் பொட்டலம் வாங்கி நானே கொதிக்க வைத்தேன். உள்ளங்கை பழுப்பேறியது. தோழி கையைப் பிடித்துத் திருப்பினாள். "ஏட்டி, மருதாணியா? சொல்லாமக் கொள்ளாம நிச்சயம் முடிஞ்சிட்டா?"

"ஆமா, மெஷினோட!"

ஆனால் கை காய்ந்துகொண்டு வந்தது. முழுக்க இல்லை, பாதிக்கு மேல்.

பரீட்சை அன்று மணி அடித்ததும் உள்ளங்கை லேசாக ஈரித்தது. வந்தால் வரட்டும் என்று பாவாடையில் ஒரு துடை துடைத்துவிட்டு அடிக்க ஆரம்பித்தேன். பயந்து கையைப் பார்க்க நேரமில்லை. கடிதம் அவ்வளவு நீளம். உருவி எடுத்த தாள் ஓரம் கிழியாமல் முழுசாக வந்தது.

தேறிவிட்டேன். அப்பா முடிவைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தொண்டையைச் செருமினார்.

"சரி, எந்த ஆபீசுன்னு விசாரி. தென்காசிக்குள்ளயே பாரு."

நான் திருநெல்வேலியில் விசாரித்து வந்திருந்தேன்.