பக்கத்து வளவுக்குச் சொல்லாத படிப்பு

அண்ணை விமானம் ஓட்டப் படிக்க இந்தியாவுக்குப் போனது எங்கள் ஊர் நாரந்தனையில் ஈ காக்கைக்கும் தெரியாது. தெரிந்தால் கண்ணூறு பட்டுவிடுமாம். எங்கள் பக்கத்தில் ஒருவன் வெளிநாடு போனால், போய்ச் சேர்ந்த பிறகுதான் ஊருக்குச் சொல்வார்கள். அம்மா அதற்கும் ஒரு படி மேலே போனார். படித்து முடித்துச் சீருடையோடு வந்து இறங்கும் வரைக்கும் மூச்சு விடக் கூடாதென்று உத்தரவு. யாராவது கேட்டால், பதுளையில் சித்தப்பாவின் கடையில் நிற்கிறான் என்று சொல்ல வேண்டும். கிணற்றடியிலும் ஊர்காவற்றுறைச் சந்தையிலும் நானும் அதையே சொன்னேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. என் தகப்பனார், நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம், தோட்டக்காணியை விற்றுத்தான் அனுப்பினார். பள்ளிக்கூடத்தை எப்படித் தேர்ந்தார் என்கிறீர்களா? மதராசில் வியாபாரம் செய்த தூரத்து உறவினர் ஒருவர் போய்ப் பார்த்து, "விமானம் நிக்குது, பெடியள் ஓட்டுறாங்கள்" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

அண்ணை நன்றாகவே படித்தார். அந்த நாட்டு விமானி உரிமத்தோடு திரும்பினார். அதைக் காட்டி இலங்கை உரிமம் எடுக்கக் கொழும்பில் விமானப் போக்குவரத்துக் கந்தோருக்குப் போனார். எந்த நாட்டில் படித்தாலும் பள்ளிக்கூடம் இவர்களுடைய அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டுமாம். அண்ணையின் பள்ளிக்கூடம் பெறவில்லை. பறந்த மணித்தியாலமும் செல்லாது, பரீட்சையும் செல்லாது, முதலிலிருந்து படி என்றார்கள். நினைக்க இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடலுக்கு அந்தப் பக்கம் விழாமல் ஓட்டினவன் இந்தப் பக்கம் வந்ததும் விழுந்துவிடுவானா? அந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

நிமிர்ந்து பார்த்தவர் பின்வரிசையில் இருந்த கிளாக்கர், எங்கள் பக்கத்து வளவில் வீடுள்ள மாமா. அவருக்கு அந்தக் கந்தோரில்தான் வேலை என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் எல்லாருக்கும் முதல் அவருக்கு மறைத்தோம்.

"தம்பி, நீர் பதுளையில கடையில அல்லோ நிக்கிறீர்?" என்று கேட்டாராம்.

பொங்கல் லீவில் ஊருக்கு வந்த மாமா எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து சொன்னார்: "போக முதல் என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அதே ஊரில மற்றப் பள்ளிக்கூடத்துக்கு அனுமதி இருக்கு. இனி என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது."

தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போன அம்மா, அவர் எழும்பிப் போகும் வரைக்கும் வெளியே வரவில்லை. பிறகு வந்து, "ஆரோ கண் வைச்சிட்டுதுகள்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "ஆருக்கம்மா தெரியும், கண் வைக்கிறதுக்கு?" என்று கேட்டேன். மற்றப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப, விற்பதற்கு வேறு காணி இல்லை. அடுத்த மாதம் அண்ணை பதுளைக்குப் போனார். சித்தப்பாவின் கடையில் நின்றார்.

சில வருஷம் கழித்து எனக்கு இங்கிலாந்தில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, போய்ச் சேருமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதை. ஆரும் கேட்டா, அண்ணைக்குச் சமைச்சுக் குடுக்கப் பதுளைக்குப் போட்டாயெண்டு சொல்லுவம்."

நான் படலையைத் திறந்துகொண்டு நேரே பக்கத்து வளவுக்குப் போனேன். முற்றத்தில் நின்றபடியே, "நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போறன்" என்று தெருவுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.