ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கோபம்

இந்தத் தவக்காலத்துக்கு நான் விட்டது மாட்டிறைச்சியை அல்ல. கோபத்தை!

சிரிக்காதீர்கள். சாம்பல் புதனன்று பாதர் ஆளுக்கொரு கடதாசித் துண்டைக் கொடுத்து, நாற்பது நாளைக்கு எதை விடப்போகிறீர்கள் என்று எழுதச் சொன்னார். கோயிலில் என் வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இறைச்சி, சிகரட், டீவி நாடகம் என்று எழுதினார்கள். நான் 'மனைவியை ஏச மாட்டேன்' என்று எழுதிப் பெட்டியில் போட்டேன். எழுதிக் கொடுத்தாயிற்றே... மீறினால் ஆண்டவர் சும்மா விடுவாரா? அந்தப் பயம்தான், வேறொன்றுமில்லை.

சட்டை அயர்ன் பண்ணவில்லையா? வாயை மூடிக்கொண்டேன். வைத்த சாமான் வைத்த இடத்தில் இல்லையா? நானே தேடினேன். பிலோமினா – என் மனைவி – எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகுதான் கலண்டரைப் பார்த்தேன். சாம்பல் புதனிலிருந்து, உயிர்த்த ஞாயிறுக்கு முதல்நாளான பெரிய சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள்! ஞாயிற்றுக்கிழமைகள் நோன்பில் சேராது என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது. ஆகா! ஆறு நாள் ஏச்சையும் சேர்த்து வைத்து, ஏழாம் நாள் பூசை முடிந்து வந்த கையோடு அவிழ்த்துவிட்டேன். சட்டப்படி எல்லாம் சரி. மனச்சாட்சியும் சுத்தம்.

மூன்றாம் ஞாயிறிலிருந்து பிலோமினா பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல், பஸ் ஏறிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லடியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். பொழுதுபடத்தான் வருவாள். சகோதர பாசம் என்று நினைத்தேன்.

ஐந்தாம் ஞாயிறு, ஏச ஆளில்லாமல் அலுத்துப்போய், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நானும் போனேன். படலைக்கு வெளியிலேயே சிரிப்புக் கேட்டது. பிலோமினாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு எவ்வளவு காலம்! படலையைத் திறந்தேன். என்னைக் கண்டாள். டக்கென்று நிறுத்திவிட்டாள்.

"என்ன மொனிக்கா, அக்காவும் நீயும் கிழமைக்குக் கிழமை அப்பிடி என்ன கதைக்கிற?" என்று தங்கச்சிக்காரியிடம் பகிடியாகக் கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. "ஞாயிறு எண்டா நீங்க ஏசுவீங்களாம் அத்தான். அந்தப் பயத்திலதான் இஞ்ச வாறா. மத்த நாளில நல்லவராம்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆண்டவருக்குப் பயந்து நான் ஆறு நாள் நல்லவன். எனக்குப் பயந்து இவள் ஏழாம் நாள் அகதி! இத்தனை நாளில் ஒருதரமாவது இவளை நினைத்து வாயை மூடினேனா? நான் தப்பினால் போதும் என்றுதானே இருந்தேன்.

திரும்பி வரும்போது பாலத்தில் வைத்துச் சொன்னேன். "இனி ஞாயிறும் ஏச மாட்டன்."

"பாதர் சொன்னாரா?"

"இல்ல. நீ சிரிச்சுக்கொண்டிருந்தாய். என்னைக் கண்டதும் நிப்பாட்டிட்டாய். மனசுக்கு ஒரு மாதிரிப் போச்சு."

வண்டி பாலத்தைத் தாண்டியது. பிறகு பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. "உயிர்த்த ஞாயிறு முடிஞ்சு திங்கக்கிழமை வரட்டும், பாப்பம்."

கெட்டிக்காரி! தவக்காலத்தில் யார்தான் நல்லவனில்லை?

அந்தத் திங்கள் முந்தாநாள் வந்தது. நோன்பு முடிந்துவிட்டது. துண்டில் எழுதிய கெடுவும் முடிந்துவிட்டது. இனி மேலேயிருந்து யாரும் கேட்கப் போவதில்லை. காலையில் இடியப்பமும் சம்பலும். வாயில் வைத்தேன்... உப்பே இல்லை! நிமிர்ந்தால், பிலோமினா சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எழும்பிப்போய் உப்புப் போத்தலை எடுத்து வந்தேன். "உனக்கும் போடவா?" என்று கேட்டேன்.

"ஓம், கொஞ்சம்" என்றாள். அதற்குப் பிறகுதான் சாப்பிடவே தொடங்கினாள்.