வால் வைத்த ஒன்று

சொக்தியன் என்ற பழங்கால மத்திய ஆசிய எழுத்தின் எண்களுக்குக் கணினியில் உயிர் கொடுத்தவள் நான்தான். சரி, சரி, அது கொஞ்சம் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுப் புத்தகங்களுக்கு அச்சுக்கோத்துத் தரும் ஒரு கம்பெனியில் நான் பிழை திருத்தினேன். அந்த எண்களை வரைந்தவர் பக்கத்து மேசைப் பரந்தாமன், கொரட்டூர்க்காரர்.

தொண்ணூற்றாறில் ஒரு பேராசிரியரின் புத்தகம் வந்தது. அந்த எண்களுக்கு எங்களிடம் எழுத்துரு இல்லை. நாங்களே செய்ய வேண்டும். ஒன்றுக்கு ஒரு சிறு கோடு. இரண்டு, மூன்று என்றால் அதே கோடுகள் கைகோத்து நிற்கும். ஒன்று அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஃபேக்ஸில் வந்த மாதிரியிலோ அந்த ஒன்றுதான் நசுக்கிய எறும்பாகத் தெரிந்தது.

மறுநாள் பரந்தாமன் சாப்பாட்டுப் பையில் ஒரு சிலேட்டும் கொண்டுவந்தார்.

“இன்னா அண்ணாத்தே, இஸ்கோல்ல சேந்துட்டியா?” என்றாள் ஜமீலா, எங்கள் தட்டச்சு ராணி.

“பொன்னி போட்ட ஒண்ணு, ஜமீலா. இதையே வச்சிடலாம்னு பாக்குறேன்.”

அவருடைய ஒரே பெண் பொன்னி அந்த ஆடியில்தான் காய்ச்சலில் போயிருந்தாள். சாக்பீஸை எங்கே தூக்குவதென்று தெரியாமல் அவள் இழுத்த கோட்டின் அடியில் ஒரு வால் சுருண்டிருந்தது.

சிலேட்டை ஸ்கேனரில் கவிழ்த்து மூடியை அமுக்கினார். திரையில் கோடு அழகாக வந்தது. சிலேட்டை எடுத்தால், அதில் கோடு இல்லை. கண்ணாடியில் வெள்ளைப் பொடி தேய்ந்து கிடந்தது. அன்று முழுக்க அதைத் துடைக்க அவர் யாரையும் விடவில்லை.

இனி அந்தக் கோடு இருந்த ஒரே இடம் அவருடைய கணினிதான். விசையைத் தட்டினால் பொன்னி எழுதினாள். சாப்பாட்டு நேரத்திலும் தட்டிக்கொண்டே இருப்பார்.

பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது: மற்றவை சரி. ஒன்றுக்கு வால் கிடையாது, நீக்கவும்.

நீக்கினோம். ஆனால் ஒரே ஒரு அடிக்குறிப்பில் அந்த வாலை நான் திருட்டுத்தனமாக விட்டுவைத்தேன். ஏதோ ஒரு தூரதேசத்து நூலகத்தில் இன்றைக்கும் பொன்னியின் ஒன்று பத்திரமாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை நான் படித்துக்காட்டியதும் ஜமீலா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“புளுகாதக்கா. புக்குல ஒரு எடத்துலயும் இல்ல. நீ அன்னிக்கு லீவு. அவரே குந்திக்கினு வால வெட்டி, அதே பேர்ல சேவ் பண்ட்டாரு. முன்னாடியே ‘பழச தனியா எடுத்து வச்சிக்க அண்ணாத்தே’ன்னேன். ‘வாணாம் ஜமீலா, பொன்னி இருந்திருந்தா இந்நேரம் வாலில்லாம போடக் கத்துக்கினு இருக்கும்’னாரு.”