லேமினேஷன் போட்ட ரகசியம்

பிறர் மோசமாக எடுத்த புகைப்படங்களைத் திருத்துவது என் வேலை. கல்யாண ஆல்பம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் படங்களில் ஆட்களே கிடையாது. கரண்ட் பில், வங்கிக் கடிதம், மாத்திரை அட்டை, பேரனின் பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கை இவைதான் இருக்கும். பார்வை குறைந்தவர்கள் செல்போனில் தாளைப் படமெடுத்தால், ஒரு செயலி அதிலுள்ள எழுத்துகளைக் கண்டுபிடித்துச் சத்தமாக வாசிக்கும். செயலி கைவிரித்துவிட்ட படங்கள் மட்டும் பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீசுக்கு வரும். நானும் இன்னொரு பெண்ணும் அவற்றை ஒழுங்கு செய்து திருப்பி அனுப்புவோம். பிறகு செயலி கடகடவென்று வாசித்துவிடும். நல்ல பெயர் அதற்குத்தான்.

ஒழுங்கு செய்வது என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சாய்ந்த தாளை நிமிர்த்த வேண்டும். தாளோடு சேர்ந்து வந்த மேசை, கால் விரல், பூனை வால் ஆகியவற்றை வெட்டிவிட வேண்டும். எடுத்தவரின் தலை நிழலை வெளுக்க வேண்டும். கடைசியில் தாள் முழு வெள்ளையாகவும் எழுத்து முழுக் கறுப்பாகவும் ஆக வேண்டும். அனுப்பியவர் பெயர் எங்களுக்கு வராது, ஓர் எண்தான் வரும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கூடாது என்பது ஆபீஸ் விதி. பாத்திரம் தேய்க்கிறவர் அதில் என்ன குழம்பு இருந்தது என்று ஆராய்வதில்லை. அது மாதிரிதான் நாங்களும்.

எங்கள் பகுதியில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. முக்கியமான தாள் என்று ஒன்று கையில் கிடைத்ததும் நம் ஆட்கள் முதலில் செய்வது அதைப் படிப்பது அல்ல, லேமினேஷன் போடுவது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போன தாளை டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் படமெடுத்தால், டியூப்லைட் அப்படியே தாளுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அது படுத்த இடத்தில் எழுத்து இருக்காது. எங்கள் ஆபீசுக்கு நேர் கீழே ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. மெஷின் சூடாகும் வாசனை படியேறி வரும்.

“மேல உக்காந்து நீங்க வெளிச்சத்த எடுக்கிய, கீழ உக்காந்து நான் ஏத்தி அனுப்புதேன். ரெண்டு பேருக்கும் வேல நடக்குது,” என்று கடை அண்ணாச்சி ஒருநாள் சொன்னார்.

அவருடைய நிரந்தர வாடிக்கையாளர்களில் என் அக்காவும் ஒருத்தி. தச்சநல்லூரில் குடியிருக்கிறாள். மகனின் மார்க் ஷீட்டில் ஆரம்பித்து, வாஷிங் மெஷின் உத்தரவாத அட்டை வரை எல்லாவற்றையும் லேமினேஷன் போட்டிருக்கிறாள். மெஷின் பழுதாகி எடைக்குப் போய்விட்டது. அட்டை புதிதாக இருக்கிறது.

நான் அம்மாவோடு பாளையங்கோட்டையில் இருக்கிறேன். அம்மா கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி சொன்னதை டைப் அடித்து முடித்ததும், கடைசியில் ‘வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு வரும்போது அம்மா டைப்ரைட்டரிலிருந்து கையை எடுத்துவிடுவாளாம். “வாசிச்சாச்சா?” என்று கேட்பாளாம். வாசிக்காமல் அந்த வரியை அடிக்க மாட்டாள் என்பதற்காக அவளை வேறு அறைக்கு மாற்றச் சொன்ன குமாஸ்தாக்களும் உண்டு.

ஐந்தாறு வருஷமாக அம்மாவுக்குக் கண்ணின் நடுப்பகுதி மங்கிவிட்டது. நேரே பார்த்தால் எதுவும் தெரியாது. ஓரத்தில் இருப்பது ஓரளவு தெரியும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்துச் சுவரைப் பார்ப்பாள். புதிதாக வருகிறவர்கள், கோபமாக இருக்கிறாள் போல என்று நினைத்துச் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள். அம்மா அதைத் திருத்தியதில்லை.

செயலியைச் சோதிக்க ஆள் தேவைப்பட்டபோது நான் அம்மாவைத்தான் பிடித்தேன். தாளுக்கு அடியில் அடர்ந்த நிறத் துணி விரிக்க வேண்டும், ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும், டியூப்லைட்டை அணைக்க வேண்டும், நான்கு மூலையும் உள்ளே வந்ததும் போன் அதிரும், அப்போது பட்டனைத் தொட வேண்டும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள். கருநீலத் துண்டு ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டாள். அதன் ஓரத்தில் நான் இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்த கருகல் இருக்கும். அதன் பிறகு அம்மா எடுத்த படம் எதுவும் ஆபீசுக்கு வந்ததே இல்லை. எல்லாம் முதல் தடவையிலேயே படித்துவிடும்.

போன மாதம் அம்மாவுக்குச் சாப்பிட்டது தங்காமல் போனது. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட் வாங்க நானும் அக்காவும் போனோம். புற்று. ஆபரேஷன் செய்யலாம், அதன் பிறகு மருந்து ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்,” என்றோம் இருவரும். எங்கள் ஆயுளில் நானும் அக்காவும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னது அன்றுதான்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, அம்மாட்ட சொல்லாண்டாம். கேட்டா அங்கனயே பாதி உசுரு போயிரும். குடல்ல புண்ணுன்னு சொல்லிருவோம்.” நான் சரி என்றேன். எங்கள் ஊரில் நோயாளிக்கு நோயைச் சொல்லும் வழக்கம் இல்லை. நோயாளியைத் தவிர தெரு முழுவதற்கும் சொல்வோம். அது வேறு.

அம்மாவிடம் புண் என்று சொன்னோம். அடுத்த திங்கட்கிழமை சின்ன ஆபரேஷன், கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்றோம். “கையெழுத்துன்னா ரிப்போர்ட்ட ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்கட்டி,” என்றாள் அம்மா. “புண்ணுக்கு எதுக்கும்மா அதெல்லாம்,” என்று அக்கா முடித்துவிட்டாள். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் விடுகிற ஆள் இல்லை அவள். அது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அக்கா ரிப்போர்ட்டை வீட்டுக்குக் கொண்டு வருமுன் லேமினேஷன் போட்டுவிட்டாள்.

“ஒளிச்சு வைக்குத தாளுக்கு எதுக்குக்கா லேமினேஷன்?”

“ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போவணும்லா. கசங்கிரக் கூடாது.”

ஒளித்து வைத்த இடம் அம்மாவின் பீரோ. அம்மாவின் பட்டுச் சேலைகளுக்கு அடியில். அம்மாவுக்குத்தான் கண் தெரியாதே என்பது அக்காவின் கணக்கு. அம்மாவுக்கு விரல் இருப்பதை இருவருமே யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு படம் வந்தது. கூட வேலை செய்யும் பெண் அந்த வாரம் முழுக்க லீவு, அதனால் எல்லாம் எனக்குத்தான். லேமினேஷன் போட்ட தாள், குறுக்கே டியூப்லைட் வெள்ளைக் கம்பியாக விழுந்து நடு வரிகளை மறைத்திருந்தது. வழக்கம்போல ஓரத்தை வெட்டப் போனேன். ஓரத்தில் கருநீலத் துண்டு. துண்டில் இஸ்திரிக் கருகல்.

விதிப்படி நான் அந்தத் தாளைப் படிக்கக் கூடாது. படிக்கத் தேவையும் இல்லை, எனக்கு மனப்பாடம்.

செயலியில் சில பதில்களை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறோம். எழுதியவள் நான்தான். ‘தாளில் வெளிச்சம் அடிக்கிறது. இடம் மாற்றி மீண்டும் எடுக்கவும்’ என்ற பதிலை அழுத்தினேன். ஒரு வேலை நேர்மையாகவும் அயோக்கியத்தனமாகவும் ஒரே சமயத்தில் நடப்பதை அன்று பார்த்தேன். வெளிச்சம் அடித்தது உண்மைதானே.

இருபது நிமிஷத்தில் இரண்டாவது படம் வந்தது. வெளிச்சக் கம்பி கீழே நகர்ந்து கடைசி வரிகளில் படுத்திருந்தது. அதே பதிலை அழுத்தினேன். இந்தத் தடவை அக்கா மேல் கோபம் வந்தது, லேமினேஷன் கடை அண்ணாச்சி மேல் வந்தது, சேலைக்கு அடியில் கைவிட்டுத் தாளை எடுத்த அம்மா மேலும் வந்தது. என் மேல் மட்டும் வரவில்லை. கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். மூன்றாவது படம் காத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் மேலே, பெயர் இருக்கும் இடத்தில்.

மூன்றாவது முறையும் படிக்க முடியவில்லை என்று அழுத்தினால், செயலி தானாகவே ஒரு பதிலை அனுப்பும். ‘இந்தத் தாளை உங்கள் அருகில் உள்ள ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும்.’ அதையும் நான்தான் எழுதினேன். எழுதும்போது மிகவும் பயனுள்ள வாக்கியமாகத் தோன்றியது. இப்போது அந்தப் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தேன். அம்மாவின் அருகில் உள்ள ஒருவர் நான். நான் வாசிக்க மாட்டேன் என்பதால்தானே அவள் தாளை இங்கே அனுப்புகிறாள்.

மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் மறைந்த வரி மற்ற இரண்டிலும் திறந்திருந்தது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, வெளிச்சம் விழாத பாகங்களை மட்டும் எடுத்துச் சேர்த்தால் முழுத் தாளும் கிடைத்துவிடும். பத்து நிமிஷ வேலை. நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். மூலைகளைப் பொருத்தினேன், துண்டை வெட்டினேன், நிழலை வெளுத்தேன். அந்த ஒரு வார்த்தை இருந்த வரியில் எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் பிசிறாக இருந்தது. அதையும் சுத்தம் செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான படம் நான் செய்ததில்லை. அனுப்பிவிட்டு முகம் கழுவினேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் பிடித்தேன்.

அம்மா ஜன்னல் பக்கம் நாற்காலியில் இருந்தாள். மேசையில் நீலத் துண்டு, அதன் மேல் ரிப்போர்ட். என்னைப் பார்ப்பதற்காகக் காலண்டரைப் பார்த்தாள்.

“என்னட்டி, சீக்கிரம் வந்துட்ட?”

“தலவலி.”

“மூணு படத்தச் சேத்து ஒட்டுனா வலிக்கத்தான் செய்யும்.”

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

“நீ ஞாயித்துக்கிழம துணி காயப்போட மாடிக்குப் போனேல்லா, அப்பமே இத எடுத்துட்டேன். ஜன்னல் பக்கம் வச்சேன். ஒரே தடவைல வாசிச்சிருச்சு.”

“பெறவு எதுக்கும்மா இன்னைக்கு டியூப்லைட்டுக்குக் கீழ வச்ச?”

“அங்கன வச்சாத்தான ஒங்கிட்ட வரும். ஒவ்வொரு தடவையும் தாள நகத்தி வச்சேன், சேத்து ஒட்டுனா முழுசாக் கெடைக்கட்டும்னு. அந்தப் பிள்ளைக்கு லீவுன்னு நீதான சொன்ன.” துண்டின் ஓரத்தை நீவிவிட்டாள். “நாலு நாளாப் பாத்தேன், நீயா சொல்லுவன்னு. வாயால சொல்ல ஒனக்கு வராது. கையாலயாவது சொல்லுதியான்னு பாக்கத்தான் அனுப்புனேன். மொத ரெண்டு தடவ ஏமாத்திட்ட.”

நான் அழுதேன். சத்தமாக, மூக்கு ஒழுக, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, பாரம் இறங்கினாற்போலவும் இருந்தது. அம்மா அழவிட்டாள். முடிந்ததும் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

“வாசி.”

“அதான் ரெண்டு தடவ கேட்டுட்டியே.”

“மிஷின் வாசிச்சா வாசிச்சதாட்டி? கரண்ட் பில்லு வாசிக்குத மாதிரில்லா வாசிக்குது. நீ வாசி. பைய வாசி.”

முதல் வரியிலிருந்து வாசித்தேன். அந்த வார்த்தை வந்தபோது நிறுத்தினேன். அம்மா காத்திருந்தாள். வாசித்தேன். கடைசி வரி முடிந்ததும், அவளுடைய கை என் மணிக்கட்டுக்கு வந்தது. “சரி. இனிமே கையெழுத்துப் போடுதேன்,” என்றாள். அவளுக்குப் பயமா என்று கேட்டேன். “இல்லாம இருக்குமா?” என்றாள்.

வாசலில் அக்காவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு இடியாப்பம் கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா தாளைச் சட்டென்று என் கையில் திணித்தாள்.

“கொண்டு போயி இருந்த எடத்துலயே வையி. பச்சைச் சேலைக்குக் கீழ. எனக்குத் தெரியும்னு அவட்ட சொல்லாண்டாம். தாங்க மாட்டா.”

வைத்தேன். நான் திரும்பி வரும்போது அக்கா தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். “புண்ணு இருக்குல்லா, அதான் காரமே போடல,” என்றாள். “நல்லாருக்கு,” என்றாள் அம்மா. அவள் நேரே தட்டைப் பார்த்துச் சாப்பிட, அக்கா அவளுடைய தோளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் கண்ணாலேயே கேட்டாள், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாதே என்று. நான் தெரியாது என்று தலையாட்டினேன். அக்கா நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். அம்மா தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் நிற்கிறவர்கள்தான் அவளுக்குத் தெரிவார்கள் என்பதை அக்கா மறந்திருந்தாள்.